ஏழு வீட்டுக்கு ஒரு மின்விசிறி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். அம்மா கட்டிலின் தலைமாட்டில், சுவரில் சாய்ந்து. பக்கத்து வீட்டு ஃபேன் அக்கா அதே கட்டிலின் கால்மாட்டில், ஒரு காலை மடித்துக்கொண்டு. தம்பி வாசற்படியில், பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. லாரி ஓட்டுகிறவன், நான்கு சுவருக்குள் முழுதாக உட்கார அவனுக்குப் பொறுக்காது. மூத்தவள் மேசையருகே நாற்காலியில். அவள் முன்னால் வெள்ளைத்தாள், மூடி கழற்றிய பேனா, புள்ளிவிவர அலுவலகத்திலிருந்து வந்த கடிதம்.

கடிதத்தை அவள் மூன்றாவது முறையாக உரக்கப் படித்தாள். குடும்பங்களின் வாழ்க்கைத்தரம் எப்படி மாறுகிறது என்று பார்க்க, அதே தெருவில் அதே வீடுகளில் அந்த அலுவலகம் கணக்கெடுத்து வந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய முதல் சுற்றில் இந்த வீட்டில் மின்விசிறி ஒன்று, சுவர்க்கடிகாரம் ஒன்று, நாற்காலி இரண்டு. ஐந்து ஆண்டு கழித்து இரண்டாம் சுற்றில் எதுவும் இல்லை. நடுவில் நின்றுபோன வேலையை மறுபடி தொடங்கி இந்த ஆண்டு எடுத்த மூன்றாம் சுற்றில் எல்லாம் இருக்கின்றன. இடையில் தீ விபத்து, நோய் போன்ற இழப்பு ஏதேனும் நேர்ந்ததா? பதில் இல்லையென்றால் பழைய பதிவே சரியென்று கொள்ளப்படும்.

"தீயுமில்ல, நோயுமில்ல. அது என் ஃபேனு. அவ்வளவுதான் விஷயம். எழுதிப் போடு," என்றாள் ஃபேன் அக்கா.

"நீ சும்மா இரு," என்றாள் அம்மா. "என் வீட்டுல ஒண்ணுமில்லன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா?"

நடந்தது இதுதான். முதல் சுற்றின்போது கணக்கெடுப்பவர் தெருவின் முதல் வீட்டில் படிவத்தை விரித்தபோதே செய்தி கடைசி வீடுவரை வந்துவிட்டது. வெளியாள் ஒருவர் பேனாவோடு வந்து இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டு போவதை எந்த வீட்டுப் பெண்ணாலும் தாங்க முடியவில்லை. தெருவிலேயே மின்விசிறி ஒரு வீட்டில்தான். அவர் ஒரு வீட்டு முன்வாசலில் எழுதி முடிப்பதற்குள், பின்சந்து வழியாக அது அடுத்த வீட்டு மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. சுமந்தவள் மூத்தவள்தான், பதினொரு வயதில். இரும்பு அடித்தட்டு வயிற்றில் அழுந்த, கம்பிக்கூண்டைச் சுற்றிய நீலத்துணி முகத்தில் உரச, முழங்கால் இடிக்க ஓடினாள். ஏழாவது அவள் வீடு. அந்த வீட்டில் அன்று மின் இணைப்பே கிடையாது.

கணக்கெடுப்பவர் மூக்கிலிருந்து வியர்வை படிவத்தின்மேல் சொட்டியது. "ஓடுமாம்மா இது?" என்று கேட்டார்.

"காத்துதான் நல்லா வருதே சார், எதுக்கு வீணா ஓட்டணும்," என்றாள் அம்மா, முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல்.

அவர் மின்விசிறியைப் பார்த்தார், மறுபடி அதே நீலத்துணியைப் பார்த்தார், குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, உண்டு என்று குறித்துக்கொண்டார்.

அவர் போனபிறகு ஏழு வீட்டுப் பெண்களும் பின்சந்தில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு! ஒருத்தி சிரிப்பு அடங்கினால் இன்னொருத்தி 'காத்து நல்லா வருதே' என்பாள், மறுபடி தொடங்கும். அம்மா கண்ணில் நீர் வழிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் சரிந்ததை மூத்தவள் அன்றுதான் பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை. இப்போது ஏழு வீட்டிலும் அறைக்கொரு மின்விசிறி. பின்சந்தை ஆளுக்குக் கொஞ்சம் சுவர் எழுப்பிக் குளியலறை ஆக்கிக்கொண்டார்கள். அந்த வெக்கையில் ஓடியதை நினைத்தால் மூத்தவளுக்கு இன்னும் வயிற்றில் அந்த இரும்பின் சூடு தெரியும். அது வேண்டும்போலவும் இருக்கும்.

இரண்டாம் சுற்றுக்கு ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். ஓடிப்போய்த் தூக்கிவர நேரமில்லை. உள்ளது உள்ளபடி பதிவானது.

"பதில் போடாம விட்டா என்ன ஆகும்?" என்றான் தம்பி.

"போன்ல கேட்டேன். ஆரம்பத்துல இருந்த இடத்துலயே இப்பவும் இருக்கீங்க, 'மாற்றமில்லை'ன்னு போயிரும்னு சொல்லுச்சு அந்த ஆபீஸ் பொண்ணு. நம்ம தெரு மொத்தத்துக்கும் அப்படித்தான் வருதாம். இந்த ஊருல வளர்ச்சியே இல்லன்னு அறிக்கை எழுதப்போறாங்க," என்றாள் மூத்தவள்.

"எழுதிக்கட்டுமே. நமக்கென்ன, சோறு கொறஞ்சிருமா?" என்றாள் அம்மா.

மூத்தவள் பேனாவைக் கீழே வைத்தாள். "பதினஞ்சு வயசுல சட்டைக் கம்பெனிக்குப் போனேன்மா. நூல் வெட்டுறதுலேர்ந்து ஆரம்பிச்சேன். அப்புறம் காலர், அப்புறம் மெஷின். இன்னைக்கு அறுபது மெஷினுக்கு சூப்பர்வைசர். இவன் கிளீனரா ஏறி டிரைவரா இறங்கினான். கரண்ட் வந்தது, தரை போட்டது, இவனுக்குக் கல்யாணம் ஆனது எல்லாம் அதுலதான். பேப்பர்ல பாத்தா நாம ஒரு படிகூட ஏறல. எங்க போச்சு அந்த இருபது வருஷம்?"

 

அம்மா மகளின் கால்களைப் பார்த்தாள். நின்றே வேலை செய்த கால்கள். கெண்டையில் நரம்பு நீலமாகச் சுருண்டு கிடந்தது.

"நம்ம இல்லாமையத்தான் மறைச்சேன்னு நெனச்சேன்," என்றாள். "உன் உழைப்பையும் சேர்த்து மறைச்சிட்டேனா?"

"அப்படி இல்லம்மா."

"அப்படித்தான். எழுது. ஆனா நான் சொல்றத எழுது, நீ கூட்டிக் கொறச்சு எழுதாத."

மூத்தவள் எழுதினாள். மின்விசிறி இரவல். கடிகாரம் இரவல். நாற்காலிகள் இரவல். அன்று வீட்டில் இருந்தவை: பாய் இரண்டு, தட்டு இரண்டு, மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று. உணவு ஒரு வேளை என்று எழுதப் போனபோது அம்மா தடுத்தாள்.

"ரெண்டு வேளை. காலைல கஞ்சி இருந்துச்சு. நான் உங்கள ஒரு வேளையோட படுக்க வெச்சதில்ல."

"நீ குடிச்சியாம்மா?" என்றான் தம்பி.

"அது படிவத்துல கேட்டானா? நீ வாய மூடு."

மூத்தவள் பழைய வரியை அடித்தாள். பிறகு, 'பிள்ளைகளுக்கு இரண்டு வேளை, தாய்க்கு ஒரு வேளை' என்று எழுதி, அதைப் படித்தும் காட்டினாள். அம்மா மறுக்கவில்லை; முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"என் பேரையும் போடு," என்றாள் ஃபேன் அக்கா. "ஏழு வீட்டுக்கும் ஃபேன் குடுத்தவ நான்தான்னு கவர்மெண்டுக்குத் தெரியட்டும்."

"போட்டா உன் ஃபேனுக்கு வரி கேப்பாங்க," என்றாள் அம்மா.

"ஆமா, அது பேரீச்சம்பழத்துக்குப் போயி பதினெட்டு வருஷம் ஆச்சு."

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி விடை இல்லாமல் இருந்தது: வரும் ஐந்தாண்டுகளில் குடும்ப நிலை முன்னேறுமா, இப்படியே இருக்குமா, தாழுமா? மூத்தவள் கை நின்றது. போன மாதம் கம்பெனியில் நான்காவது தையல் வரிசையை மூடிவிட்டார்கள். ஆர்டர் வேறு நாட்டுக்குப் போகிறது என்று பேச்சு.

"முன்னேறும்னு போடு," என்றாள் அம்மா. "அன்னைக்கும் இதக் கேட்டாரு. நான் யோசிக்காம அதான் சொன்னேன்."

"தெரிஞ்சா சொன்ன?"

"தெரிஞ்சிருந்தா ஃபேன இரவல் வாங்கியிருப்பேனா?"

தம்பி சிரித்தான். மூத்தவள் சிரிக்கவில்லை. மூன்று விடைகளையும் விட்டுவிட்டு, ஓரத்தில் தெளிவான எழுத்தில், 'இப்போது சொல்ல இயலாது. அடுத்த சுற்றில் வந்து பார்க்கவும்' என்று எழுதினாள்.

அம்மா கையெழுத்துப் போட்டாள். ஒவ்வோர் எழுத்தாக, தாள் கிழிந்துவிடுமோ என்பதுபோல். மூத்தவள் மை காயும்வரை காத்திருந்து, மூன்றாக மடித்து, உறையில் வைத்து, பசை தடவி, விளிம்பை விரலால் இரண்டு முறை அழுத்தினாள். தபால்தலையை நேராக ஒட்டினாள். தம்பி உறையை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தான். பெரிய தபால் நிலையப் பெட்டியில் ஞாயிற்றுக்கிழமையும் எடுப்பார்கள் என்றான்.

"கசங்காம கொண்டு போ," என்றாள் அம்மா.

தெருமுனையில் லாரி உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது.