உள்தாழ்ப்பாள்

முத்திருளனுக்குக் கண் போன பிறகு வீட்டில் மற்றவர்களுக்கெல்லாம் கண் கூடிவிட்டது. அவர் எழுந்தால் இரண்டு கண், நடந்தால் நாலு கண், இருமினால் பக்கத்து வீட்டுக் கண்ணும் சேர்ந்து ஆறு.

சர்க்கரை நோயால் போன பார்வை. கண் ஆஸ்பத்திரியில் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். டீ போடவும் வெங்காயம் நறுக்கவும் கோலைத் தட்டி நடக்கவும் கற்றுக்கொண்டு நாகமலை புதுக்கோட்டைக்குத் திரும்பினார். வாசலிலேயே மனைவி செல்லக்கிளி கோலை வாங்கி பீரோ மேல் போட்டாள். "நாங்க இல்லையா? பாக்குறவுக எங்கள என்ன நெனப்பாக?"

அதையும் பொறுத்துக்கொண்டார். ஆனால் மகன் சூரியபிரகாஷ் பாத்ரூமின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டான். "உள்ள விழுந்து கெடந்தா என்னப்பா பண்றது?" அன்றிலிருந்து செல்லக்கிளி வெளியே நாற்காலி போட்டு, முருங்கைக்கீரை உருவியபடி, நிமிஷத்துக்கு ஒருதரம் "ஏங்க, இருக்கீகளா?" என்பாள். பதில் அரை நொடி தாமதித்தால் கதவு திறந்துவிடும். எட்டு மாதமாக முத்திருளன் குளித்ததே இல்லை. உள்ளே போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ஜெயபாண்டி மதில் மேல் எட்டி, "அண்ணே, இன்னிக்கு வயிறு லேட்டு போலருக்கே" என்று நலம் விசாரிக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

அந்தத் தாழ்ப்பாள் வேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை.

பதினோரு நாள் வீட்டைத் தடவி, டிவி மேஜை இழுப்பறையில் அதைக் கண்டுபிடித்தார். பக்கத்திலேயே ஸ்க்ரூ டிரைவர். திருகாணி மூன்றுதான் இருந்தது. முப்பது வருஷம் பைக் மெக்கானிக்காக இருந்தவர்; நாலாவது திருகாணி இல்லாமலே கன்னியாகுமரிவரை போய்த் திரும்பிய வண்டிகளை அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மகன் கறிக்கடைக்குப் போனான். செல்லக்கிளி மிக்ஸியைப் போட்டாள். அந்த மிக்ஸி ஓடினால் திருப்பரங்குன்றம் மலையில் குரங்குகள் இடம் மாறி உட்காரும். அந்தச் சத்தத்தில் முத்திருளன் பாத்ரூமுக்குள் நுழைந்து, பழைய ஓட்டைகளை விரலால் தேடி, திருகாணிகளை முறுக்கி, தாழ்ப்பாளைத் தள்ளினார். டக்.

மிக்ஸி நின்றது. "ஏங்க, இருக்கீகளா?"

"இருக்கேன்."

அவள் கதவைத் தள்ளிப் பார்த்தாள். வரவில்லை. அவள் போட்ட அலறலில் தெருவே எழுந்து வந்தது.

முத்திருளன் திறக்கத்தான் போனார். தாழ்ப்பாள் அசையவில்லை. திருகாணி இல்லாத மூலை சரிந்து, கம்பி வளையத்துக்குள் குறுக்காகச் சிக்கியிருந்தது.

நாற்காலி போதாமல் கல்யாண மண்டபத்துக்கு ஆள் அனுப்பினார்கள். காத்திருந்த நேரத்தில் இரண்டு வீட்டார் சம்பந்தம் பேசி முடித்தார்கள்.

"அண்ணே, லெப்ட்ல இழுங்க!" இது ஜெயபாண்டி.

"கண்ணு தெரியாத மனுசனுக்கு லெப்டு என்ன, ரைட்டு என்ன?" என்றது ஒரு குரல்.

"ரெண்டு கையும் எங்கிட்டதான்யா இருக்கு!" என்றார் முத்திருளன்.

சூரியபிரகாஷ் கறிப்பையோடு ஓடிவந்தான். "யப்பா, ஒதுங்குங்க. கடப்பாரை இருக்கு. இனி இந்தக் கதவே வேணாம், ஸ்கிரீன் மாட்டிக்கலாம்."

ஸ்கிரீன். அதில் தாழ்ப்பாளே மாட்ட முடியாது. கடப்பாரை நுனி கதவிடுக்கில் நுழைவது கேட்டது.

"டேய், பத்து எண்ணு. அப்புறம் ஒடை."

"யப்பா..."

"எண்ணுடா!"

தெருவே எண்ணியது. மூன்றில் அவர் கம்பியை விட்டுவிட்டுச் சரிந்த மூலையைத் தேடினார். ஆறில் கட்டைவிரலால் அதை மேலே ஏந்தினார். மறு கையால், துருவேறிய கிளட்ச் கேபிளை உருவுவதுபோல் அவசரமில்லாமல் இழுத்தார். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில், டக்.

கூட்டம் உள்ளே பாயப் பார்த்தது. முத்திருளன் இடுப்பில் துண்டோடு வாசலை அடைத்து நின்றார்.

"இம்புட்டு நேரம் உள்ள என்னங்க பண்ணுனீக?" செல்லக்கிளி அழுதாள்.

"கதவத் தொறந்தேன். குளிக்கத்தான் நேரமில்ல."

கதவைச் சாத்தினார். மூலையை ஏந்திப் பிடித்துத் தாழிட்டார். வெளியே ஒரு காலடியும் நகர்ந்ததாகக் கேட்கவில்லை. மகன் கடப்பாரையைத் தரையில் வைக்கும் சத்தத்துக்காகக் காது கொடுத்தார். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். இன்னொரு செம்பு ஊற்றினார். கடப்பாரை வைக்கும் சத்தம் இன்னும் வரவில்லை.