உறைந்து தெளிந்த மருந்து

டாக்டரம்மா கணினித் திரையை அக்கா, தம்பி இருவர் பக்கமும் திருப்பினார். திரையில் இரண்டு படங்கள். மருந்து ஏற்றுவதற்கு முன் எடுத்த அக்காவின் ரத்தப் பரிசோதனை ஒன்று, ஏற்றிய பிறகு எடுத்தது இன்னொன்று. இரண்டிலும் ஒரே மூலையில் புள்ளிகள் ஈயாய் மொய்த்திருந்தன.

“இந்தப் புள்ளியெல்லாம் பி செல்ங்கிற வெள்ளை அணு. உடம்பைக் காக்க வேண்டியது, உங்க மூட்டையும் கிட்னியையும் அரிக்கத் துணை போகுது. அந்த மருந்து கேட்டிருந்தா ரெண்டாவது படத்துல இந்த மூலை காலியா இருக்கணும். துளிகூட குறையல.”

அக்கா வீங்கிய விரல்களை மடியில் ஒளித்துக்கொண்டாள். “அப்ப அடுத்தது?”

“முதல்லயே நான் வேண்டாம்னு தள்ளி வச்ச மருந்துதான். கிட்னியைக் காப்பாத்தும். ஆனா அதுக்கப்புறம் குழந்தை தங்குறது ரொம்பக் கஷ்டம்மா. கருமுட்டையை எடுத்து வைக்கவும் இப்ப நேரமில்ல. இன்னைக்கே ஆரம்பிக்கணும்.”

கல்யாணமான நாளிலிருந்து அக்கா கேட்டதெல்லாம் ஒரு பிள்ளை. அதற்காகத்தான் அந்த முதல் மருந்தைச் சொல்லி வைத்து, காத்திருந்து வாங்கினார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கும்வரை வீட்டில் பத்திரமாக வைக்கும் பொறுப்பை ஏற்றவன் இந்தத் தம்பிதான். ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற மெக்கானிக் ஆயிற்றே, யாரையும் தொட விடவில்லை. குளிர் கூடக் கூட நல்லதுதானே என்று குளிரைக் கூட்டும் குமிழை முழுசாகத் திருகி, மருந்துப் புட்டியைப் பின்சுவரோடு ஒட்டி வைத்தான். பின்சுவர் உறையும் என்று வாடிக்கையாளர்களிடம் வாய் கிழியப் பேசுகிறவன்! மறுநாள் பார்த்தால் உள்ளே ஐஸ். உள்ளங்கையில் பொத்திப் பொத்தி உருக்கினான். தண்ணீர் மாதிரி தெளிந்துவிட்டது. தெளிந்ததும் இவனுக்குத் தைரியம் வந்துவிட்டது, அதுதான் கொடுமை. யாரிடமும் மூச்சுவிடவில்லை.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். “ஒண்ணு மட்டும் கேக்கறேன். மருந்து வீட்டுல இருந்தப்போ சூடு பட்டுச்சா, உறைஞ்சுதா? அப்படி ஏதாவது ஆகியிருந்தா, தப்பு மருந்து மேல இல்ல, உங்க உடம்பு மேலயும் இல்ல. இப்ப இங்கயே இருப்பு இருக்கு, இன்னைக்கே அதையே இன்னொரு தடவை ஏத்திப் பாக்கலாம்.”

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“என் தம்பி ஃப்ரிட்ஜ் மெக்கானிக், டாக்டர். கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டான். ராத்திரியில எந்திரிச்சு எந்திரிச்சுப் பாப்பான்.”

சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் அவன் நாக்கைக் கட்டிப்போட்டது. டாக்டரம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்படித்தானா தம்பி?”

“ஆமாங்க,” என்றான்.

பாவி, அந்த ஒரு வார்த்தையோடு எல்லாம் முடிந்துபோனது. இந்த உடம்புக்கு அந்த மருந்து கேட்காது என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

மருந்து ஏற்றும் அறையில் நர்ஸ் நரம்பைத் தேடித் தட்டிக்கொண்டிருந்தாள். இப்போது சொன்னாலும் நிறுத்தலாம். அவனுக்கும் அது தெரியும். சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதானே தவிர, சொல்லவில்லை.

“எதுக்குடா அழறே? நீ செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சுட்ட. என் உடம்பு வாகு அப்படி,” என்றாள் அக்கா.

ஊசி இறங்கியது. குழாயில் முதல் சொட்டு விழுந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கையைப் பிடித்தாள்.

“நீயாவது சீக்கிரம் கல்யாணம் பண்ணிக்கடா. உன் பிள்ளையில ஒண்ணை எனக்குக் குடு. நான் வளக்கிறேன்.”

“சரிக்கா,” என்றான்.