பாதி சோப்பு

கடைசி போல்ட்டும் கழன்றதும் மெக்கானிக் பழைய ரேடியேட்டரை இரு கைகளாலும் தூக்கித் தரையில் வைத்தார். வைத்தார் என்பதைவிட எறிந்தார் என்றால் பொருத்தமாக இருக்கும். மிச்சமிருந்த துருத்தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடி, துக்கத்துக்கு வந்தவர்கள் வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்புகள்வரை போய் நின்றது.

வீட்டுக்குள், முன்னறையில், அவர் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள்.

"அப்பா, கொஞ்ச நேரம் உள்ள வந்து உக்காருங்கப்பா," என்றாள் மகள். இரவெல்லாம் அழுது அவள் குரல் கம்மியிருந்தது. "வேற வண்டி சொல்லிக்கலாம்னு மாமா சொல்றாரு."

"உங்க மாமா ஒண்ணும் சொல்லிக் கிழிக்க வேணாம். உங்கம்மா இந்த வண்டியிலதான் போவா."

மகள் உள்ளே திரும்பிப் போனாள்.

மகளைவிட மூத்தது அந்தப் பிக்கப். அவள் அம்மா வீட்டிலேயே பலகாரம் சுட்டுக் கடைகளுக்குக் கொடுத்து வந்தாள். விடியும்போதே தட்டுகளை அடுக்கிவிட்டு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக் கும்பிடுவாள். "ஆண்டவனே, வண்டியப் பாத்துக்க, இவரையும் பாத்துக்க."

"அதென்ன, வண்டிதான் மொதல்லயா?" என்பார் இவர்.

"வண்டிக்கு வாய் இல்ல. உங்களுக்குத்தான் ஊருக்கே பங்கு போடற அளவுக்கு இருக்கே."

நேற்று மாலை அவளுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது அதே இருக்கையில்தான் ஏற்றி உட்காரவைத்தார். மருத்துவமனைக்குப் பாதி தூரம்கூடப் போகவில்லை. போனட்டுக்கு அடியிலிருந்து ஆவி சீறிக்கொண்டு கிளம்பியது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் என்ஜின் காய்ந்து நின்றது. ரோட்டின் இரு பக்கமும் வெறும் காடு. அவள் இவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு காய்கறி வண்டி வந்து நின்றபோது அந்தப் பிடி தளர்ந்திருந்தது.

மெக்கானிக் குத்துக்காலிட்டு, பழைய ரேடியேட்டரின் கீழ்த்தொட்டி ஓரத்தில் விரலை ஓட்டினார். ஒரு மூலையில் வழவழப்பு தட்டியது. முகர்ந்து பார்த்தார். சோப்பு.

வழியில் ரேடியேட்டர் ஒழுகினால் ஓட்டையில் சோப்பை அப்பிக்கொண்டு வீடுவந்து சேர்வது டிரைவர்கள் செய்கிற காரியம்தான். சூடேறினால் உருகிவிடும் என்பது வண்டி ஓட்டும் எவனுக்கும் தெரியும். இவர் வீட்டில் அதற்கு ஒரு சட்டமே இருந்தது. வண்டியில் ஏதாவது கோளாறு என்று தெரிந்தால், யாராக இருந்தாலும், ஸ்டியரிங்கில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். துணி இருந்தால் சாவியைத் தொடக் கூடாது.

துணி கட்டியிருக்கவில்லை. கொல்லைக் கொடியில், துவைத்து, சுருக்கமில்லாமல் விரித்து, மகளின் தாவணிக்குப் பக்கத்தில் அது காய்ந்துகொண்டிருந்தது.

வண்டியைக் கடைசியாக எடுத்துப்போனது மச்சான். மனைவியின் அண்ணன். மலைக்கு அந்தப் பக்கம் மாடு வைத்திருப்பவர். தீவனம் ஏற்ற என்று கேட்டு வாங்கிப் போய், நேற்று மதியம்தான் கொண்டுவந்து விட்டார். போன தடவை பக்கக் கண்ணாடியை இடித்துவிட்டு வந்தபோது மெக்கானிக் தெருவே கேட்கக் கத்தினார். கையிலிருந்த ஸ்பானரை வீசியெறிந்தார். அது சுவரில் பட்டு விழுந்த தடம் இன்னும் இருக்கிறது. அன்று மனைவி இரவு முழுக்கப் பேசவில்லை.

இந்தத் தடவை கத்துவதாக இல்லை. வெறுப்பில் ஒரு வசதி இருக்கிறது. அது கையை நடுங்க விடுவதில்லை. அழுகைக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் அவர் உள்ளே போகாமல் இருந்தார்.

மாற்று ரேடியேட்டரை விடிந்ததும் விடியாததுமாகப் பழைய சாமான் கடைக்காரர் தன் தோளிலேயே சுமந்து வந்து இறக்கியிருந்தார். "வேற வண்டியோடது. ஆனா ஒழுகாது. தொட்டியில முக்கிப் பாத்துட்டேன்," என்று சொல்லிவிட்டு, வேறொன்றும் பேசாமல், துளைகள் பொருந்தாத இடத்தில் அரம் போட்டு அகலப்படுத்திக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போய் உட்கார்ந்தார்.

மெக்கானிக் புதியதை இறக்கிப் பொருத்தினார். நான்கு போல்ட்டையும் முறுக்கினார். ஃபேன் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்தார். தண்ணீர் போகும் மேல் ரப்பர் ஓஸை மாட்டிக் கிளிப்பை இறுக்கினார். பிறகு கீழ் ஓஸை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார்.

அங்கேதான் அந்த யோசனை வந்தது.

ஓஸைக் குழாயில் முழுக்க ஏற்றாமல் விளிம்பிலேயே நிறுத்தி, கிளிப்பை ஒப்புக்கு ஒரு சுற்று விட்டால் போதும். சமதளத்தில் சொட்டுக்கூட ஒழுகாது. இடுகாடுவரை போகும், திரும்பி வரும். மலை ஏறும்போது உள்ளே அழுத்தம் கூடும். முக்கால் மலையில் ஓஸ் பிடுங்கிக்கொள்ளும். செத்துப்போக மாட்டான். நிற்பான். இருட்டில், பனியில், வராத வண்டிக்காக இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நிற்பான். நான் நின்ற மாதிரி.

"மாப்ள."

வண்டிக்கு வெளியே மச்சானின் பாதங்கள் தெரிந்தன. பக்கத்தில் ஒரு டீ டம்ளர் தரையில் வந்து உட்கார்ந்தது.

"நேத்துலேருந்து நீங்க பச்சத் தண்ணிகூடக் குடிக்கலயாம்."

"மச்சான், வண்டி ஒழுகுனது உனக்குத் தெரியுமா?"

பாதங்கள் அசையவில்லை. "தெரியும் மாப்ள. சோப்பு வச்சோம்... வச்சேன்."

"எங்க வீட்டுச் சோப்பு."

"ஆமா."

"துணி ஏன் கட்டல?"

ஒரு பாதம் மட்டும் மெல்லத் திரும்பி, கொல்லைப் பக்கமாக நின்றது. பிறகு மச்சான் சொன்னார்: "தப்பு என்னோடதுதான். உங்களுக்கு என்ன செய்யணும்னு தோணுதோ செய்ங்க."

மெக்கானிக் ஓஸை விளிம்பில் நிறுத்தினார். கிளிப்பு ஒரு சுற்று சுற்றியது. வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, தாமே அதுவரை கேட்டிராத அளவு மென்மையான குரலில் சொன்னார்:

"மாடு கறக்க ராத்திரியே போயாகணும்ல? பஸ்ஸுக்கு நிக்காத. இந்த வண்டிய எடுத்துட்டுப் போ. காலைல கொண்டாந்து விடு."

மச்சான் அவரையே பார்த்தார். ஸ்பானரை எதிர்பார்த்து வந்த மனிதர். கண்கள் நிரம்பி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். யாராவது நம்மிடம் அன்பாக இருப்பதைப் போல நடித்தால்கூட நாம் நம்பிவிடுகிறோம். ஆண்டவன் நம்மை அப்படித்தான் படைத்து வைத்திருக்கிறான். மெக்கானிக் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திறந்து வைத்தே என்ஜினை ஓட்டி, காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆடை கட்டிக் கிடந்தது.

வண்டி இடுகாட்டுக்கு அடங்கிய வேகத்தில், ஒழுங்காகப் போனது. பலகாரத் தட்டுகள் போகும் இடத்தில் அவள் போனாள். திரும்பி வரும்போது என்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நின்றது. மெக்கானிக் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். குழியில் மண் போட்டபோதும் அவருக்கு அழுகை வரவில்லை. மலை மட்டுமே மனதில் இருந்தது.

வீட்டில் கூட்டம் கரைந்தது. "பழசக் குடுங்க, போறப்பவே எடுத்துக்கறேன்," என்றார் கடைக்காரர். மெக்கானிக் பழைய ரேடியேட்டரைத் தூக்கிக் கொடுக்கப் போனவர், அது தலைகீழாகப் புரண்டதும், அப்படியே நின்றார்.

மேல்பக்கம் உருகி வழிந்த சோப்பு, அடி மடிப்பில், சூடு அதிகம் படாத இடத்தில், காய்ந்து இறுகியிருந்தது. ரோஸ் நிறத்தில் ஒரு விரல் நீளம். ஏனோதானோ என்று அப்பியதல்ல. கட்டைவிரலால் அழுத்தி, அந்த அழுத்தத்தின் பாதியில் அடுத்த அழுத்தம், அதன் பாதியில் அடுத்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு கிள்ளு. பூரணம் வெளியே வராமல் இருக்க மாவு ஓரத்தை மடிக்கிற மடிப்பு. இத்தனை வருடம் தினமும் விடியலில் தட்டுத் தட்டாக அவர் வண்டியில் ஏற்றிய மடிப்பு.

வாசலில் மச்சான் வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தார். மெக்கானிக் ஜன்னலருகே போனார்.

"என்ஜின ஆஃப் பண்ணு. சோப்ப யார் வச்சது?"

"நான்தான்னு சொன்னேனே மாப்ள."

"கையக் காட்டு."

மச்சான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. மாடு கறந்து கறந்து உருண்டு பருத்த கட்டைவிரல்கள் அவருடையவை. அந்த விரலால் அழுத்தினால் மடிப்பு வராது, பள்ளம்தான் விழும்.

"துணிய நீ கட்டியிருந்த. அவ அவுத்துட்டா. நான் பாத்தா உன்ன உண்டு இல்லன்னு ஆக்கிடுவேன்னு. அப்படித்தானே?"

"போனவள எதுக்கு மாப்ள இதுல இழுக்கறீங்க?" மச்சான் நேராகக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். "நான்தான் வச்சேன். நான்தான் கட்டல. அதோட விடுங்க."

சுவரில் ஸ்பானர் பட்ட தடத்துக்கு நேராக நின்றுகொண்டிருந்தார் மெக்கானிக். பிறகு உள்ளே போய் ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து, நல்ல சட்டையோடு, வண்டிக்கு அடியில் படுத்தார்.

"என்ன மாப்ள? ஏதாவது ஒழுகுதா?"

"பேசாம இரு."

சூடான குழாய் விரலைச் சுட்டது. ஓஸை முட்டும்வரை தள்ளினார். கிளிப்பை நேராக வைத்துத் திருகினார். இனி திரும்பாது என்ற பிறகும் ஒரு முறை திருகினார். வெளியே வந்து, ஒரு கேன் நிறையத் தண்ணீர் பிடித்து, முன் இருக்கையில், அவள் உட்காரும் இடத்தில் வைத்தார். கொடியிலிருந்த சிவப்புத் துணியை எடுத்து வந்து, கேன் சாயாதபடி கைப்பிடியை இருக்கையோடு சேர்த்துக் கட்டினார்.

"ஏத்தத்துல மெதுவாப் போ. முள்ளு ஏறுனா நிறுத்திடு. மூடிய உடனே தொறக்காத."

"சரி மாப்ள."

"போய்ச் சேந்ததும் போன் பண்ணு."

வண்டி தெருமுனை திரும்பியது. என்ஜின் சத்தம் கரைந்து, எங்கோ ஒரு நாய் குரைப்பது கேட்கத் தொடங்கும்வரை அவர் அங்கேயே நின்றார்.

"கை கழுவிட்டு வாங்கப்பா, ஒரு வாயாவது சாப்பிடுங்க," என்று மகள் உள்ளிருந்து கூப்பிட்டாள்.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். சோப்புப் பெட்டியில் ரோஸ் நிறச் சோப்பு பாதி இருந்தது. கத்தியை வைத்து நேராக, சுத்தமாக நறுக்கியிருந்தாள். அதை எடுத்தார். ஈரம் படாமல் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துப் பெட்டியை மூடினார்.

வெறும் தண்ணீரில் கிரீஸ் போகாது என்பது அவருக்குத் தெரியும். தேய்த்துக்கொண்டே இருந்தார்.