மறுநாள் கேட்கும் காது

தையல்காரரின் மனைவிக்கு இன்று பேசியது நாளைக்குத்தான் கேட்கும். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவசரம் என்றால் கையைக் காட்டுவார்கள், மற்றதற்கு ஒரு நாள் பொறுப்பார்கள். அடுத்த வீட்டிலேயே குடியிருந்தும் எனக்கு விஷயம் கடைசியாகத்தான் தெரிந்தது. காதில் ஒரு கோளாறும் இல்லாமலே எனக்கு எல்லாம் அப்படித்தான்.

அந்த அம்மாள் கழுத்தில் சின்னப் பெட்டி தொங்கும். அதிலிருந்து ஒரு ஒயர் காதுக்குப் போகும். இந்தக் காது மெஷின் பென்சில் பேட்டரிகளைக் கடலை மாதிரி தின்றதால், தையல்காரர் உள்ளங்கை அகலத்தில் ஒரு சோலார் தகடும், திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரிகளும் வாங்கி வந்தார். மொட்டை மாடியில் அதை வெயில் பக்கம் சாய்த்து வைத்து, வெட்டுத்துணியால் தூசி துடைத்து, காக்கை தூக்கிப் போகாமலிருக்கப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பட்டன் தைத்தார். சும்மா தைக்கிற மனுஷரா? முனகிக்கொண்டேதான் தைப்பார். மறுநாள் காலை பேட்டரியை மெஷினில் போட்டதும் அம்மாள் காதில் முதலில் காக்கை கத்தியது, பிறகு தொட்டியில் தண்ணீர் விழுந்தது, பிறகு புருஷன் குரல் தெளிவாகக் கேட்டது: "இவகிட்ட கத்திக் கத்தியே என் தொண்டை கிழிஞ்சுது. சாப்பாட்டுல உப்புமில்ல, ஒரு மண்ணுமில்ல."

அன்று சாப்பாட்டில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. "போதுமாங்க? இன்னும் கொஞ்சம் போடவா?" என்று அம்மாள் அன்பாகவே கேட்டாள். சாயங்காலம் காது மெஷினைக் கழற்றி நூல்கண்டுப் பெட்டியில் போட்டு மூடினாள். அதற்கப்புறம் அவர் சொன்ன எதுவும் அவளுக்கு அன்றும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை.

தையல்காரர் காது மெஷினை ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் பிரித்துப் பார்த்து மூடிவிட்டு, பல்பு விலை சொல்கிற குரலில் சொன்னார்: "மெஷின்ல ஒண்ணுமில்லண்ணே. பேட்டரி வெயில குடிக்கும்போது பக்கத்துல இருந்த பேச்சையும் சேத்துக் குடிச்சிருக்கு. வீட்டுல ப்ளக்குல போட்டு ஏத்துங்க, சரியாயிடும்." தையல்காரர் தலையாட்டினார். ஆனால் ப்ளக் விஷயத்தை வீட்டில் மூச்சுவிடவில்லை. மனைவி முகத்தைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்வதைவிட, முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

ஏறினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பேட்டரிப் பக்கம் குனிந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். பாதியில் மேகம் வந்து மூடியது. அதைக் கவனிக்காமல் அவர் முழுவதையும் சொல்லி முடித்து, மறுநாள் மெஷினில் பேட்டரியைப் போட்டு மனைவி கையில் வைத்து, மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கும்பிடாத குறையாக நின்றார். போனால் போகிறதென்று அவள் மாட்டினாள். "கோவிச்சுக்காதடி. நீ இல்லாட்டி நான் வெறும்..." என்பதோடு நின்றுவிட்டது.

"வெறும்? வெறும் என்னங்க?"

அவர் வானத்தைக் கைகாட்டினார். வானம் கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. அந்த மழைக்காலம் முழுக்க அம்மாள் அந்தப் பாதி வாக்கியத்தோடு குடும்பம் நடத்தினாள். வெறும் ஆளா, வெறும் பயலா, வெறும் பாத்திரமா என்று அடுப்படியில் யோசித்தாள். நாளுக்கு நாலு தடவை ஜன்னலைத் திறந்து மேகத்தை முறைத்தாள். கண் மங்கிய புருஷனுக்கு எப்போதும்போல ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கும்போது மட்டும், அவர் வாயையே பார்த்தாள். அவரோ தையல் மெஷினை வேகமாக மிதித்தார்.

வெயில் அடித்த முதல் நாள், தெருவே துணி காயப்போட ஓடியபோது அவள் தகட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். தன் முந்தானையாலேயே துடைத்துச் சாய்த்து வைத்தாள். அவருக்கு ஸ்டூலைப் போட்டாள். பிறகு அவருக்குக் கூச்சமாக இருக்குமென்று மரியாதையாகக் கீழே இறங்கிப் போனாள்.

மறுநாள் வாக்கியம் முழுசாகக் கேட்டது. "நீ இல்லாட்டி நான் வெறும் நூலில்லாத ஊசிடி. குத்தத்தான் தெரியும், தைக்கத் தெரியாது."

அம்மாள், அவர் ரேடியோவிலிருந்த பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

இப்போது அந்த வீட்டில் சண்டைக்கும் சமாதானத்துக்கும் வெயில் வேண்டும். மழைக்காலத்தில் இரண்டும் பாதிப் பாதிதான் நடக்கும். மற்றபடி குறையில்லை. தையல்காரர் முன்னறையில் தைத்துக்கொண்டே ரேடியோவில் செய்தி கேட்பார். நடுவில் காக்கை கத்தும், பிறகு மனைவியின் குரல் வரும்: "குத்துனா குத்திட்டுப் போங்க, நூல் எங்கிட்ட இருக்கு. உள்ள வாங்க, சாப்பாடு ஆறுது."

அது நேற்றைய சாப்பாடு என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு, ரேடியோவை அணைத்து, எழுந்து உள்ளே போவார்.