திருப்பி அனுப்பும் அண்ணி

1

இந்தக் கதை, என் அண்ணி ஆபீஸில் வாங்கிய திட்டிலிருந்து பிறந்தது. லிஃப்ட் செய்யும் கம்பெனி ஒன்றின் மெயில் சர்வர் அவர் பொறுப்பு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வாழ்த்துகள்! உங்களுக்கு ஒரு கோடி பரிசு! உடனே கீழே அழுத்துங்கள்!" வாசகரை ஒரு நொடி ஏமாற்றலாம் என்ற நப்பாசை. மட்டமான தந்திரம்தான். இருக்கட்டும், அப்புறம் அடித்துவிடலாம்.*

* அப்புறம் பார்த்துக்கொள்வது என் குணம். அண்ணிக்கு அது ஆகவே ஆகாது.

2

குப்பை என்று சந்தேகப்படும் மெயிலை எல்லாம் உள்ளே விட்டு, பிறகு தனி ஃபோல்டரில் தள்ளலாம். அனுப்பியவர் போய்ச் சேர்ந்ததென்று நிம்மதியாக இருப்பார். பெற வேண்டியவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார். அண்ணியோ சர்வரின் வாசலிலேயே மறுத்துவிடுவார். மறுத்தது அனுப்பியவருக்கு உடனே தெரியும். அதோடு அண்ணி எழுதிய ஒரு வரியும் போகும்: "நீங்கள் மனிதர் என்றால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்." அது அவர் மேசை போன்.

3

கம்பெனிக்கு ஸ்பிரிங் செய்து தரும் பட்டறைக்காரர் கூப்பிட்டார். (இவருக்கு முறுக்கு மீசை வைத்து... வேண்டாம், போனில் மீசை தெரியாது.)

"எத்தனை வருஷப் பழக்கம்மா! மூஞ்சில அடிச்ச மாதிரி மெயிலைத் திருப்பி அனுப்புறீங்க?"

"மன்னிச்சிடுங்க சார். உங்க சர்வர் வழியா யாரோ குப்பை அனுப்பியிருக்காங்க, அதான் தடுத்திருக்கு. மெயில்ல என்ன எழுதியிருந்தீங்க?"

"போன லோடு பிரேக் ஸ்பிரிங்கை மாட்டிடாதீங்கன்னு. விரிசல் இருக்கு."

அண்ணி போனைக் கையில் பிடித்தபடியே லிஃப்ட் பூட்டும் இடத்துக்கு ஓடினார் [வயர் போன். வைத்துவிட்டுத்தான் ஓடினார்]. மாட்ட எடுத்த ஸ்பிரிங்குகள் பெட்டிக்குத் திரும்பின.

4

மேனேஜர் காதில் விழுந்தது பட்டறைக்காரரின் கோபம் மட்டும்.

"சப்ளையரை வாசல்ல நிறுத்துறதா? எல்லாத்தையும் உள்ள விடுங்க, அப்புறம் பிரிச்சுக்கலாம். முடியாதுன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

"உள்ள விட்டிருந்தா அது குப்பையோட குப்பையா கிடந்திருக்கும் சார். அவரும் போன் பண்ணியிருக்க மாட்டார். நாம மாட்டியிருப்போம்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு மேனேஜர் லிஃப்டில் ஏறிப் போனார்.

வேலை போகும் என்ற நிலையில் இப்படிப் பேச எனக்கு வாய் வராது. அண்ணியை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

5

முடிவு அ: மேனேஜர் மனம் மாறிக் கைகுலுக்குகிறார். சினிமாத்தனம்.

முடிவு ஆ: அண்ணி வேலையை இழந்து... எழுத மனசு வரவில்லை.

மேனேஜர் என்ன முடிவெடுத்தார் என்று அண்ணியிடமிருந்து தகவல் இல்லை. பொறுக்காமல், இதுவரை எழுதியதை அவர் ஆபீஸ் முகவரிக்கு அனுப்பினேன். அனுப்பிய வேகத்தில் திரும்பி வந்தது! அந்த ஒரு கோடி வரி மாட்டிக்கொண்டது. கீழே, "நீங்கள் மனிதர் என்றால்..."

எத்தனையோ பத்திரிகைகள் என் கதையைத் திருப்பி அனுப்பியிருக்கின்றன. ஒருமுறையும் இப்படிச் சந்தோஷத்தில் குதித்ததில்லை. கூப்பிட்டேன்.

"மேனேஜர் என்ன சொன்னார் அண்ணி?"

"அதான் திரும்பி வந்துச்சே தம்பி. அந்த ஒரு கோடி வரிய எடுத்துட்டு அனுப்புங்க, படிக்கிறேன்."

எடுக்கப் போவதில்லை. அதுவும், சர்வர் வாசலில் அண்ணியும் இருக்கும்வரை இந்தக் கதை திரும்பி வந்துகொண்டே இருக்கும். வராத நாள் ஒன்று வந்தால், அன்றைக்கு முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.