மார்கிரட் டீச்சர் கேட்ட ‘சி’

எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒண்ணுல ரபாயேல் கணக்கப்புள்ள. மலைக்கு ஆள் பிரிச்சு விட்டு, கொழுந்து நிறுத்து, பேர் போடுற வேலை. அதுல ஆளு புலி. தராசைப் பார்க்காமலே கூடையைத் தூக்கி எடை சொல்லிடுவாரு. ஆனா அட்சரகணிதம்னு யாராவது வாயைத் திறந்தா மனுசனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. எக்ஸும் வையும் எதுக்கு ஒண்ணையொண்ணு துரத்துதுன்னு அவருக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை. ஓ எல்னு சொல்ற சாதாரண தரப் பரீட்சையில ரெண்டு தடவை கணக்கு எழுதி, ரெண்டு தடவையும் டபிள்யூ. தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன்: எழுபத்தஞ்சு எடுத்தா ஏ, அறுபத்தஞ்சுக்கு பி, அம்பதுக்கு சி, முப்பத்தஞ்சுக்கு எஸ். அதுக்கும் கீழ போனா டபிள்யூ. சுத்தமா ஃபெயில்.

இதை அவரு யார்கிட்டயும் சொல்லலை. யாரு கேட்டா? ஒரே ஒரு ஆளுதான் கேட்டாங்க. பதினாலு வருசத்துக்கு முன்னால வஹகோட்டைக்குப் பொண்ணு பார்க்கப் போனப்ப, ரெண்டு பேரும் தனியா பேசட்டும்னு பெரியவங்க வாசலுக்கு அனுப்பி வச்சாங்க. பொண்ணு மார்கிரட், கணக்கு டீச்சர். மத்தப் பொண்ணுங்க சம்பளம் என்ன, குடிப்பீங்களான்னு கேட்பாங்க. இவங்க கேட்டது, “ஓ எல்லுல கணக்குக்கு என்ன எடுத்தீங்க?”

ரபாயேல் அந்த முகத்தைப் பார்த்தாரு. டபிள்யூன்னு சொல்ல வாய் வரலை. ‘ஏ’ன்னு சொன்னா மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவாங்கன்னு பயம். நடுவுல ஒண்ணைப் பிடிச்சு, “சி”ன்னாரு. அவ்வளவுதான், அந்தோனியார் கோயில்ல கல்யாணம் நடந்து முடிஞ்சது. வருசா வருசம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போயி, பக்கத்து வீட்டுப் பலாக்காயைப் பறிச்சது வரைக்கும் ஃபாதர்கிட்ட ஒப்பிச்சாரு. இந்த சி-யை மட்டும் தொண்டைக்குள்ளேயே வச்சுக்கிட்டாரு.

இப்படியே காலம் ஓடியிருக்கும். தோட்டத்துக்குப் புது மேனேஜரா வந்த துரைக்கு ரபாயேலைப் பிடிச்சுப் போச்சு. உதவி பீல்ட் ஆபிசர் இடம் காலியா இருக்கு, உனக்குத்தான் தர்றேன், ஓ எல் சேட்டிபிகேட்டைக் கொண்டுவா, கணக்குப் பாஸ் இருந்தாப் போதும்னாரு. ரபாயேல் வீட்டுக்கு வந்து, சேட்டிபிகேட்டைக் கறையான் தின்னுடுச்சுன்னு பொஞ்சாதிகிட்ட சொல்லி வச்சாரு. அது பெரிய விசயமே இல்லை, பரீட்சை நம்பர், அதான் சுட்டெண்ணைச் சொல்லுங்க, இன்டர்நெட்டுலயே எடுத்துக்கலாம்னு மார்கிரட் போனைக் கையில எடுத்தாங்க. கறையானுக்கு இன்டர்நெட்டுல வேலை இல்லைங்கிறது ரபாயேலுக்கு அப்பதான் உறைச்சுது. வேற வழியில்லாம, தலையைக் குனிஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டாரு.

மார்கிரட் திட்டலை, அழலை. திட்டியிருந்தாலாவது நிம்மதியா இருந்திருக்கும். அன்னைக்கு ராத்திரி சோறு போட்டு, குழம்பும் ஊத்தினாங்க. அடுத்த நாளிலேர்ந்துதான் கூத்து ஆரம்பிச்சுது. மழை பெய்யுதுன்னு ரபாயேல் சொன்னா, ஜன்னல் வழியா கையை நீட்டிப் பார்த்துட்டுத்தான் குடையை எடுப்பாங்க. கேட்டைச் சாத்திட்டேன்னு சொன்னா, டார்ச்சோட போயி இழுத்துப் பார்ப்பாங்க. தலைவலிக்குதுன்னு சொன்னதுக்கு நெத்தியைத் தொட்டுப் பார்த்துட்டு, தலைவலிக்குச் சூடு இருக்காதே, இதை எப்படி நம்புறதுன்னு யோசிச்சுக்கிட்டு நின்னாங்க. தோட்டத்துல அவ்வளவு ஆளும் நம்புற ரபாயேலோட பேச்சு, சொந்த வீட்டுல சல்லிக் காசுக்குப் பெறாமப் போச்சு. மனுசன் உள்ளுக்குள்ள ஒடிஞ்சு போனாரு.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துட்டு, என்ன செஞ்சா நம்புவேன்னு கேட்டுட்டாரு.

“துரைகிட்டத் தவணை கேட்டு, இந்த வருசம் மறுபடி ஓ எல் எழுதுங்க. அவருக்கு எஸ் போதும்,” மார்கிரட் சொன்னாங்க. “நீங்க என்கிட்ட சொன்னது சி. எனக்கு சி வேணும்.”

மார்கிரட் சனிக்கிழமை பின்னேரம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காம கிளாஸ் எடுக்கிறாங்க. அதுல ரபாயேலையும் சேர்த்துட்டாங்க. இடம், தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா. கைக்குழந்தைகளை விட்டுட்டு அம்மாமாரு மலைக்குப் போற இடம் அது. சனிக்கிழமை அரைநாளோட காலியாயிடும். அங்க இருக்கிற வாங்கு பெஞ்செல்லாம் மூணு வயசுப் பிள்ளைக்கு அளவெடுத்துச் செஞ்சது. நாப்பது வயசு ரபாயேல் அதுல உட்கார்ந்தா முழங்கால் ரெண்டும் காதைத் தொடும். பக்கத்துல சர்மிளாங்கிற பொண்ணு. வாயாடி, கணக்குல கெட்டி. முதல் நாளே, பென்சில் இருக்கா கணக்கப்புள்ள ஐயா, கடன் தரவான்னு கேட்டு மானத்தை வாங்கிட்டா.

அதைவிடப் பெரிய கூத்து டாப்புல பேர் கூப்பிடுறப்ப நடந்துச்சு. கல்யாணம் ஆனதுலேர்ந்து மார்கிரட் புருசன் பேரைச் சொன்னதில்லை. “என்னங்க”, “இங்க பாருங்க”, ஆபத்து அவசரம்னா “ஏங்க”. அவ்வளவுதான். இப்ப கிளாஸ் முழுக்க எல்லார் பேரையும் கூப்பிட்டு முடிச்சுட்டு, கடைசிப் பேர்ல வந்து நின்னுட்டாங்க. பிள்ளைகள் மூச்சுக்கூட விடலை. டீச்சர் தொண்டையைச் செருமி, சுவத்தைப் பார்த்து, “ரபாயேல்”ன்னாங்க. ரபாயேலுக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. வந்திருக்கேன் டீச்சர்னு எழும்பினவரோட வாங்கும் சேர்ந்து எழும்பிடுச்சு.

அப்புறம் டீச்சர் வருசா வருசம் சொல்ற சட்டத்தைச் சொன்னாங்க. விடை மட்டும் எழுதினா சைபர். படிப்படியாச் செஞ்சது சரியா இருந்தா விடை பிழையாப் போனாலும் புள்ளி உண்டு. அழுதா புள்ளி இல்லை. அந்த வருசம் புதுசா ஒண்ணு சேர்ந்துச்சு: சொந்தக்காரங்கன்னா ஒரு புள்ளியும் கிடையாது. இத்தனை வருசத்துல மார்கிரட் டீச்சர் யாருக்கும் ஒரு புள்ளி சும்மா போட்டதில்லைன்னு தோட்டத்துக்கே தெரியும். ஸ்கூல் அதிபரோட மகனுக்கே முப்பத்திநாலு போட்டு டபிள்யூ எழுதின கை அது.

ரபாயேல் சும்மா இருப்பாரா? வீட்டுல பாத்திரம் கழுவிப் பார்த்தாரு, துணி காயப்போட்டுப் பார்த்தாரு. பாத்திரத்துக்கு அட்சரகணிதத்துல புள்ளி இல்லைன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. வீட்டுப்பாடத்தை அட்டைப்பூச்சி கடிச்சுடுச்சுன்னு ஒரு நாள் சொல்லிப் பார்த்தாரு. அட்டை காலைக் கடிக்கும், நோட்டுக் கொப்பியை எங்க கடிக்கும்? அன்னைக்கு முழுக்க நிக்க வச்சுட்டாங்க. மைனஸ் அந்தப் பக்கம் போனா பிளஸ் ஆகிடும்னு சர்மிளா தலைகீழா நின்னு சொல்லிக் குடுத்தா. அவருக்கு அதுல பெரிய சண்டை. இந்த மலையில வேலை செய்யிற பாப்பம்மாவை அந்த மலைக்கு மாத்தினா பாப்பம்மா பாப்பம்மாதானே, வேற ஆளா ஆகிடுவாளான்னு நியாயம் கேட்டாரு. கிளாஸ் சிரிச்சுச் செத்துச்சு. டீச்சரும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. தோள் ரெண்டும் குலுங்கினதை மட்டும் ரபாயேல் பார்த்துட்டாரு.

முதல் டெஸ்ட்ல இருபத்தொண்ணு. சிவப்பு மையில டபிள்யூ. கீழ, “பாதுகாவலர் கையொப்பம் தேவை.” எல்லாப் பிள்ளைக்கும் எழுதுறதுதான். ரபாயேலுக்கு அப்பா அம்மா இல்லை. என்ன செய்யிறதுன்னு தெரியாம, வீட்டுக்குக் கொண்டுபோயி பொஞ்சாதிகிட்டயே நீட்டினாரு. மார்கிரட் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, முதல் தடவையா பார்க்கிற மாதிரி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என்னங்க இது, டீச்சர் ஒழுங்கா சொல்லிக் குடுக்கிறாங்களா இல்லையான்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டாங்க.

சிரிப்பா இருந்தாலும் அன்னைக்குத்தான் அவருக்கு ரோசம் வந்துச்சு. அதுக்கப்புறம் மலையில நிக்கிறப்பக்கூட வாய் முணுமுணுத்துக்கிட்டே இருக்கும். கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க, கணக்கப்புள்ளைக்கு ஜெபம் முத்திப் போச்சுன்னு பேசிக்கிட்டாங்க. ரெண்டாவது டெஸ்ட்ல முப்பத்தெட்டு. எஸ். ஓ எல்லுல இது வந்தா துரைக்குப் போதும். அன்னைக்கும் வீட்டுல மழைக்கு மார்கிரட் கை ஜன்னலுக்கு வெளியிலதான் போச்சு.

கடைசி டெஸ்ட். பேப்பர் குடுக்கிற நாள். டீச்சர் ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் குடுத்தாங்க. ரபாயேலோட பேப்பர்ல சிவப்பா, வட்டம் போட்டு, அம்பது. பக்கத்துல சி.

கிளாஸ் கையைத் தட்டிக் கூரையைப் பேர்த்துடுச்சு. ரபாயேலுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. வாங்குல வந்து உட்கார்ந்து, ஆசை தீர ஒவ்வொரு பக்கமா பார்த்தாரு. ஒவ்வொரு சரியையும் விரலால தடவினாரு. ஆறாவது கணக்குக்கு வந்ததும் விரல் நின்னுடுச்சு. அடைப்புக்குறியை உடைக்கிற இடம். வெளியில மைனஸ் மூணு, உள்ள மைனஸ் நாலு. ரெண்டு மைனஸும் சேர்ந்தா பிளஸ் பன்னெண்டு. இவரு எழுதியிருந்தது மைனஸ் பன்னெண்டு. பக்கத்துல சிவப்பா ஒரு சரி, ஒரு புள்ளி.

மூடி வச்சுட்டா ஒரு குருவிக்கும் தெரியாது. பேப்பரை மென்னு முழுங்கிடலாமான்னுகூட ஒரு நிமிசம் யோசிச்சாரு. சி கேட்டாங்க, சி வந்தாச்சு. வீட்டுக்கும் சந்தோசம். ஆனா அந்த சி-யைப் பார்க்கப் பார்க்க, வஹகோட்டை வாசல்ல நின்னு சொன்ன அதே சி மாதிரியே இருந்துச்சு. இன்னொரு தடவை அந்தப் பாரத்தைத் தூக்கிச் சுமக்க அவருக்குத் தெம்பில்லை.

எழும்பினாரு. வாங்கைக் கழட்டி வச்சுட்டு முன்னால போனாரு.

“டீச்சர், ஆறாவது கணக்குப் பிழை. எனக்கு நாப்பத்தொன்பதுதான்.”

டீச்சர் பேப்பரைப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. முகம் மிளகாய்ப் பழமாச் சிவந்து போச்சு. சிவப்புப் பேனையை எடுத்து அந்தச் சரியை வெட்டி, அம்பதை வெட்டி நாப்பத்தொன்பது போட்டு, சி-யை வெட்டி எஸ் போட்டாங்க.

மார்கிரட் டீச்சர் பிழை விட்டுட்டாங்கன்னதும் கிளாஸே பேப்பரைப் புரட்ட ஆரம்பிச்சுது. எனக்கு இங்க ஒரு புள்ளி குறையுதுன்னு சர்மிளா முதல்ல ஓடி வந்தா, அவ பின்னால ஒரு கூட்டம். கூடப் போட்டிருக்குன்னு சொல்ல ஒரு ஈ காக்கா எழும்பலை.

எல்லாரையும் அனுப்பிட்டு, ரெண்டு பேரும் குவாட்டர்ஸுக்கு மேட்டுப் பாதையில நடந்தாங்க.

“தெரிஞ்சுதான் போட்டேங்க,” மார்கிரட் சொன்னாங்க.

“தெரியும். நீயாவது, மைனஸைக் கோட்டை விடுறதாவது.”

“பின்ன எதுக்குக் கொண்டுவந்து குடுத்தீங்க? ஒரு புள்ளிக்காக இத்தனை பிள்ளைங்க முன்னால என்னை மாட்டி விட்டுட்டீங்களே.”

“இனிமே நீ கேட்டா நிசத்தை மட்டும்தான் சொல்லுவேன். அதுக்குத்தான்.”

மார்கிரட் அவர் கையிலிருந்த கொப்பிக் கட்டை வாங்கி, தன்னோட கட்டோட சேர்த்து வச்சுக்கிட்டாங்க. ரபாயேலுக்கு மனசு பஞ்சாப் போச்சு. அந்த வேகத்துல, ஞாயித்துக்கிழமை வஹகோட்டைக்குப் போயி மாமாகிட்டயும் உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுடுறேன்னாரு. மாமா, அதாவது மார்கிரட்டோட அப்பா, ரிட்டயரான கணக்கு மாஸ்டர்.

மார்கிரட் நடு வழியில அப்படியே நின்னுட்டாங்க.

“ஐயோ, அங்க போயி வாயைத் திறந்துடாதீங்க.”

“ஏன்? நான் சி-ன்னு பொய் சொன்னதை அவருகிட்ட…”

“அப்பாவுக்கு சி-யும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. பி-க்குக் கீழ எடுத்தவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னு அன்னைக்கு ஒத்தக்கால்ல நின்னாரு. உங்களை விட்டுட எனக்கு மனசு வரலை.” மார்கிரட் தேயிலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. “நீங்க பி-ன்னு நான்தான் சொல்லிட்டேன்.”

ரபாயேல் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னாரு. சொந்தக்காரங்களுக்கு ஒரு புள்ளி தராத மார்கிரட் டீச்சர், யாருன்னே தெரியாத ஒருத்தனுக்குப் பதினஞ்சு புள்ளி அள்ளிக் குடுத்திருக்காங்க. சிரிப்பா அழுகையான்னு தெரியாம, அப்ப இனி நான் என்ன எடுக்கணும்னு கேட்டாரு.

“அறுபத்தஞ்சு,” டீச்சர் குரல்ல சொல்லிட்டு மார்கிரட் முன்னால நடந்தாங்க. “வீட்டுக்குப் போனதும் ஆறாவது கணக்கை மறுபடி செஞ்சு காட்டுங்க.”