வலது கைக் கழுதை

தையல்காரி நூலை அறுத்துச் சட்டையை நீட்டியதுமே சார்ஜெண்ட் ஸ்டாம்பர் அதன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அமெரிக்கப் பட்டாளத்தில் எல்லாரும் இடது கையில் தைக்கும் படைச்சின்னத்தை, போருக்குப் போய்வந்தவன் வலது கையிலும் தைத்துக்கொள்ளலாம். ஸ்டாம்பருடைய கம்பெனி, பட்டாளத்துக்குக் கிணறு தோண்டும் கூட்டம். நீலக் கேடயத்தில் மஞ்சள் கோவேறு கழுதை. எல்லாரும் கழுகு, மின்னல் என்று பறந்தபோது, "சுமக்குறோம், தோண்டுறோம், திட்டு வாங்குறோம். நமக்கு எதுக்குடா கழுகு?" என்று அடம்பிடித்துக் கழுதையைக் கொண்டுவந்தவன் ஸ்டாம்பர்தான். இடது கையில் அது கம்பீரமாக முன்னோக்கி நடந்தது. அதே துணியை வலது கையில் வைத்தால், முதுகுப்பக்கம் நடையைக் கட்டியது.

ஓக்லஹோமா முகாமின் சாப்பாட்டுக்கூடத்தில் முதலில் கவனித்தவன் டாங்கிப் படையின் பிக்கெட். அவன் சின்னத்தில் புலி நேராக முறைக்கும். எந்தக் கையில் தைத்தாலும் கவலையில்லை.

"யோவ் ஸ்டாம்பர்! உன் கழுதைக்குக் குண்டுச் சத்தம் கேட்டுருச்சா? ஊருக்கு பஸ் புடிக்க ஓடுதே!"

கூடமே சிரித்தது. ஸ்டாம்பரின் ஆட்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். மாலைக்குள் அவர்களுடைய புகார் கம்பெனித் தலைவி கேப்டன் மொரேனோவிடம் போய்விட்டது.

"திருப்பித் தைக்க முடியாதா, சார்ஜெண்ட்?"

"கேட்டுட்டேன், மேடம். கேடயத்துல மிருகம் இந்தப் பக்கந்தான் பாக்கணுமாம். திருப்பினா அது வேற சின்னமாம், முதல்லேருந்து அனுமதி வாங்கணுமாம். அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிருவேன்."

"நாளைக்குப் பரேடுக்கு கர்னல் வர்றார். அவருக்கு இந்தச் சின்னமெல்லாம் உயிர். கேட்டா ஒரு பதில் இருக்கணும். இல்லேன்னா கழுதை போயிரும், மின்னல்தான்."

மறுநாள் கர்னல் வரிசையைப் பார்த்தபடி வந்து, ஸ்டாம்பரின் வலது கைப்பக்கம் நின்றேவிட்டார்.

"சார்ஜெண்ட், உங்க மிருகம் ஏன் ஓடுது?"

பக்கத்து வரிசையில் பிக்கெட் தொண்டைக்குள் சிரித்தான். பயந்தால் ஸ்டாம்பரின் நாக்கு முன்பல் இருந்த ஓட்டைக்குப் போகும். இப்போதும் போனது. அந்தப் பல்லை மதுக்கடைச் சண்டையில் மூன்று கடற்படைக்காரர்கள் சேர்ந்து உடைத்ததாகத்தான் முகாம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். ஒரு கணம் யோசித்தான். பல்லுக் கதையா, கழுதையா?

"ஓடல சார். புலிக்கு ஆயுதம் வாயில. கழுதைக்கு ஆயுதம் பின்னங்கால்ல. எங்கப்பா வீட்டுக் கழுதை டோலி நம்மளப் பாத்து நின்னா, தீனி கேக்குதுன்னு அர்த்தம். முதுகக் காட்டி நின்னா..." வாயை அகலத் திறந்து ஓட்டையைக் காட்டினான். "இது டோலி குடுத்தது சார். என் கையில இருக்கறது ஓடல, குறி பாக்குது."

கர்னல் அந்தக் கழுதையின் பின்பக்கத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு, தன்னையறியாமல் அரையடி தள்ளி நின்றார்.

"கேப்டன், சின்னத்தோட விளக்கத்துல இத அப்படியே எழுதுங்க. பல்ல மட்டும் விட்டுருங்க."

பரேடு கலைந்ததும் பிக்கெட் ஓடிவந்தான்.

"அப்போ அந்த மூணு கடற்படைக்காரனுங்க?"

"கழுதைக்குப் பின்னால நின்னு கேள்வி கேக்காதய்யா."

மதியம், இன்னும் போரைப் பார்க்காத புதுப் பையன்கள் சிலர் இடது கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டாம்பர் முன்னால் வந்து நின்றார்கள்.

"சார்ஜெண்ட், எங்க கழுதை முன்னாடி பாக்குதே. அப்போ அது என்ன பண்ணுது?"

"தீனி கேக்குது. போய் கிணறு தோண்டுற வண்டியக் கழுவுங்கடா."